நாற்பதிலும் நீந்தலாம்: டர்பனில் முதல் மூச்சிலிருந்து முதல் 25 மீட்டர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் நகராட்சிக் குளத்தின் ஓர லேனுக்கு வந்தால், நாற்பதைத் தாண்டிய நம் ஆட்கள் நாலைந்து பேரைப் பார்க்கலாம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரீபேங்க் பக்கமிருந்து வருகிறவர்கள். பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிவந்து, கரையில் துண்டைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காகக் காத்திருந்து, ஒரு நாள் தாங்களும் இறங்கியவர்கள். நானும் அப்படி இறங்கியவள்தான். அப்போது எனக்கு வயது 38. இப்போது ஆறு வருடமாக, புதிதாக வருகிறவர்களோடு அந்த லேனில் நிற்கிறேன்.

எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி: "கையை எப்படிப் போடுறது அக்கா?" கை அப்புறம். நீச்சல் வராமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் மூச்சு. மூச்சு சரியானால் உடம்பு மிதக்கும், உடம்பு மிதந்தால் கால் இலேசாகும், கால் இலேசானால் கைக்கு வேலை குறையும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

நாம் ஏன் தாமதமாகத் தொடங்குகிறோம்

இதைச் சொல்லாமல் நேராகப் பயிற்சிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. "நமக்குத் தண்ணி ஒத்துவராதும்மா, அது நம்ம ரத்தத்துல இல்லை" என்று என்னிடம் சொன்னவர்கள் நிறையப் பேர்.

1860 நவம்பர் 16 அன்று, கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு, ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதிலும் அதற்குப் பிறகு வந்த கப்பல்களிலும் இருந்தவர்கள் கிணறும் ஏரியும் ஆறும் உள்ள ஊர்களிலிருந்து வந்தவர்கள். அந்த ஊர்களில் பிள்ளைகள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்து நீச்சல் பழகுவார்கள். எங்கள் ஆயாவின் தாத்தா அப்படிப் பழகியவர் என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆயா பிறந்தது டோங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில். அவருக்கு நீந்தத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. 1953இல் தென்னாப்பிரிக்காவில் பொது வசதிகளை இனவாரியாகப் பிரிக்கும் சட்டம் வந்தது. டர்பன் கடற்கரையின் நல்ல பகுதிகள் வெள்ளையருக்கு என்று ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ், ஜூலு மூன்று மொழியிலும் பலகை வைத்தார்கள். 1989 கடைசியில்தான் கடற்கரைகள் எல்லாருக்கும் திறந்தன. அடுத்த வருடம் அந்தச் சட்டம் நீங்கியது. சார்டின் மீன் கூட்டம் கரைக்கு வரும் ஜூன், ஜூலையில் வாளியோடு முழங்கால் ஆழத்துக்கு ஓடுவோம். காரியம் செய்ய உம்கேனி ஆற்று முகத்துவாரத்துக்குப் போய்க் கணுக்கால் நனைவோம். அதோடு சரி. ஒருவர் கற்றுத்தர ஒருவர் கற்கும் தொடர்ச்சி அறுந்துபோயிற்று. பயம் அங்கிருந்து வந்தது. உங்களுக்குத் தண்ணீரைக் கண்டு நெஞ்சு படபடத்தால், அதை வெட்கமாக நினைக்காதீர்கள்.

இறங்கும் முன்

கண்ணுக்குத் தண்ணீர் புகாத நீச்சல் கண்ணாடி ஒன்று கட்டாயம் வேண்டும். வாங்கும்போது பட்டையை மாட்டாமல் கண்ணில் வைத்து இலேசாக அழுத்திப் பாருங்கள். இரண்டு நொடி தானாக ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது. தலைக்குத் தொப்பி. தேங்காய் எண்ணெய் வைத்திருந்தால் முதலில் ஷவரில் அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் தொப்பி வழுக்கிக் கழன்றுவிடும். பருத்தி டி-ஷர்ட் வேண்டாம். அது தண்ணீரை உறிஞ்சிக் கனத்து உங்களைக் கீழே இழுக்கும். உடம்பை மூடிக்கொள்ள விரும்பும் பெண்களுக்கு முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை கிடைக்கிறது. எங்கள் லேனில் பாதிப் பேர் அதைத்தான் போடுகிறார்கள். தாலிச் சங்கிலியை உயர்கழுத்து உடைக்குள் அடக்கிக்கொள்கிறார்கள்.

இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, இன்சுலின் போடும் சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரிடம் பேசிவிட்டு வாருங்கள். நெஞ்சளவு தண்ணீரில் மட்டும் பழகுங்கள். உயிர்காப்பாளர் இல்லாத நேரத்தில், தனியாக, இறங்கவே கூடாது.

முதல் படி: மூச்சை வெளியே விடுவது

இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

புதியவர்கள் முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். பிறகு முகத்தைத் தூக்கி, அடக்கி வைத்த காற்றையும் விட்டு, புதிய காற்றையும் இழுக்கப் பார்க்கிறார்கள். அந்த அரை நொடியில் இரண்டும் முடியாது. காற்று போதாமல் மூச்சு முட்டுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்தத் தவிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் வெளியேறாமல் உள்ளே சேர்ந்துபோன கரியமில வாயு. ஆகவே வெளியே விடக் கற்றுக்கொண்டால் உள்ளே இழுப்பது தானாக நடக்கும்.

குளத்தின் சுவரை இரண்டு கையாலும் பிடித்து நில்லுங்கள். வாயால் சாதாரணமாக மூச்சை இழுங்கள், நெஞ்சு வெடிக்கும் அளவுக்கு வேண்டாம். முகத்தை வைத்து, மூக்கால் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே குமிழி விடுங்கள். முனகல் இருக்கும் வரை மூக்கில் தண்ணீர் ஏறாது. காற்று முடியப்போகும்போது முகத்தை எடுத்து, வாயால் இழுத்து, மறுபடியும் வையுங்கள். பத்து முறை நிற்காமல். முதல் நாள் நான்காவது முறையிலேயே பலர் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முகத்தைத் துடைக்காமல் பத்தையும் முடிக்க முடிகிற நாளில்தான் இந்தப் படி முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் பழகலாம். ஒரு அகலமான பேசினில் தண்ணீர் வைத்து முகத்தை விட்டுப் பழகியே ஒரு மாமி தன் பயத்தைப் பாதியாக்கினார்.

ஓர் எச்சரிக்கை. யார் அதிக நேரம் உள்ளே இருப்பது என்று மூச்சடக்கும் போட்டி வேண்டாம். அதிலும் இறங்கும் முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு அடக்குவது ஆபத்து. கரியமில வாயு முன்கூட்டியே குறைந்துவிடுவதால், உடம்பு எச்சரிக்காமலேயே நினைவு தப்பும். நெஞ்சளவு தண்ணீரிலும் அது உயிரைப் பறித்திருக்கிறது.

இரண்டாம் படி: மிதப்பது, எழுந்து நிற்பது

கவிழ்த்த குடம் தண்ணீரில் மிதக்கும் இல்லையா? உங்கள் நெஞ்சுக்கூடு அந்தக் குடம். அது காற்றோடு மேலே நிற்கப் பார்க்கும். இடுப்பும் காலும் கனம், கீழே போகப் பார்க்கும். இரண்டையும் சமன் செய்வதுதான் மிதப்பது. கையில் இருக்கும் நெம்புகோல் தலை. தலையைத் தூக்கினால் கால் தாழும், தலையை இறக்கினால் இடுப்பு எழும்.

ஆனால் மிதப்பதற்கு முன் எழுந்து நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். இதைப் பலர் கற்றுத்தருவதே இல்லை. பயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது: குப்புறப் படுத்த பிறகு எப்படி எழுவது என்று தெரியாத உடம்பு படுக்கவே சம்மதிக்காது. குப்புற மிதக்கும்போது முழங்கால்களை நெஞ்சுக்கு இழுங்கள். முன்னால் நீட்டிய கைகளைத் தண்ணீரை அழுத்தியபடி இடுப்புக்குக் கொண்டுவாருங்கள். உடம்பு நிமிரும், பாதம் தரையைத் தேடும். பாதம் பட்ட பிறகுதான் தலையைத் தூக்க வேண்டும். முதலில் தலையைத் தூக்கினால் கால் பின்னால் உதைத்துக்கொண்டு தடுமாறும். மல்லாந்து மிதக்கும்போது முகவாயை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, முழங்காலை மடக்கி, கைகளால் தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னால் வாரிக்கொண்டு உட்கார்வதுபோல வாருங்கள்.

இது கைவந்த பிறகு சுவரை விட்டுக் குப்புறப் படுங்கள், கண் நேராகத் தரையைப் பார்க்கட்டும், குமிழி போய்க்கொண்டே இருக்கட்டும். அடுத்து மல்லாந்து. காது தண்ணீருக்குள் போகும், உலகத்துச் சத்தம் மங்கும், சிலருக்கு அதுவே பயம். ஒருவர் கழுத்துக்குக் கீழே உள்ளங்கையை வைத்திருந்தால் போதும். சிலருக்கு, குறிப்பாக ஒல்லியான ஆண்களுக்கு, கால் மிதக்காமல் தாழ்ந்துகொண்டே போகும். அது குறை இல்லை, உடம்பு வாகு. கையைத் தலைக்கு மேலே நீட்டினால் கொஞ்சம் சமனாகும். மீதியை மெல்லிய கால் அடி பார்த்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: சறுக்கிப் போவது

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதனால் பலத்தைக் கூட்டுவதைவிட உடம்பை ஒடுக்கிக்கொள்வதில் பலன் அதிகம். ஒரு கையின்மேல் இன்னொரு கையை வைத்து, மேற்கைகள் காதை ஒட்ட நீட்டி, சுவரை இரு காலாலும் உதைத்து, அம்புபோல் போங்கள். கையும் காலும் அசைக்காமல் எங்கே நிற்கிறீர்களோ அதைக் கவனித்து வையுங்கள். எங்கள் லேனில் முதல் நாள் இரண்டு மீட்டர் போனவர்கள், தலையை நிமிர்த்தாமல் தரையைப் பார்த்த மறுநாளே நான்கு மீட்டர் போனதைப் பார்த்திருக்கிறேன். பலம் அதேதான்.

நான்காம் படி: கால்

கால் அடி இடுப்பிலிருந்து வர வேண்டும். முழங்கால் இலேசாக மடங்கலாம், சைக்கிள் மிதிப்பதுபோல் ஆகக்கூடாது. கட்டைவிரல்கள் ஒன்றையொன்று உரசும் தூரத்தில், பாதம் பின்னால் நீண்டு, கணுக்கால் தளர்ந்து, சிறுசிறு அடிகள். தண்ணீர் மேலே தெறிப்பதைவிடக் கொதிப்பதுபோல் குமுறினால் சரியான அளவு.

கால்பந்து ஆடியவர்களுக்கும் ஓடுகிறவர்களுக்கும் கணுக்கால் இறுகிப்போயிருக்கும். மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு பலமாக அடித்தும் நின்ற இடத்திலேயே நின்ற ஒரு அண்ணன் எங்கள் லேனில் இருந்தார். பாதம் கொக்கிபோல் மடங்கியே இருந்தது. வீட்டில் தினமும் பாதத்தின் மேல்பக்கம் தரையில் படும்படி குதிகால்மேல் உட்கார்ந்து பழகச் சொன்னேன், முழங்கால் வலிக்காத அளவுக்கு. ஒன்றரை மாதத்தில் பலகை நகரத் தொடங்கியது. இன்னொன்று: பலகையை மார்புக்கு அடியில் அமுக்கி, தலையைத் தூக்கிக்கொண்டே பழகாதீர்கள். முகம் தண்ணீரில், குமிழி விட்டபடி, கை நீட்டிப் பலகையின் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டு பழகுங்கள்.

நீண்ட தூரம் நீந்துவதற்குக் கால்தான் உந்து சக்தி என்று எண்ணி அடித்துத் தீர்க்க வேண்டாம். தொடைத் தசை பெரியது, மூச்சை நிறையக் கேட்கும். ஆரம்பத்தில் காலின் வேலை இடுப்பை மேலே வைத்திருப்பது, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: பக்கவாட்டில் திரும்பி மூச்சு வாங்குவது

குப்புறப் படுத்துக் கைகளை மாற்றி மாற்றி வீசிப் போகும் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. தலையை முன்னால் தூக்கி மூச்சு வாங்கினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்: கால் தாழும். கால் தாழ்ந்தால் இன்னும் அதிகம் உதைக்க வேண்டும், இன்னும் மூச்சு வாங்கும். இந்தச் சுழலில் பத்து மீட்டரிலேயே களைத்து நிற்கிறவர்கள்தான் "எனக்கு ஸ்டாமினா இல்லை" என்கிறார்கள்.

முதலில் பக்கவாட்டில் படுத்துப் பழகுங்கள். இடது கை முன்னால் நீட்டி, வலது கை தொடைமேல், வலது தோள் தண்ணீருக்கு வெளியே. காது இடது தோள்மேல் சாய்ந்திருக்கட்டும். கால் மட்டும் அடித்துப் போங்கள். முகம் கீழே பார்த்துக் குமிழி விடட்டும். மூச்சு வேண்டும்போது தலையைத் தனியாகத் திருப்பாமல், உடம்போடு சேர்த்து இன்னும் கொஞ்சம் உருளுங்கள். கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள், ஒரு பக்கம் வெளியே. வாயின் மேல்மூலை வெளியே வந்தாலே போதும். தலை முன்னேறும்போது அதன் பக்கத்தில் தண்ணீர் சிறு பள்ளமாகத் தாழும். வாய் அந்தப் பள்ளத்தில்தான் காற்றை எடுக்கிறது. வானத்தைப் பார்த்தீர்கள் என்றால் அதிகமாகத் திரும்பிவிட்டீர்கள்.

இது வந்த பிறகு, ஆறு கால் அடிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றுங்கள். முன்கை பின்னால் வர, பின்கை முன்னால் போக, உடம்பு உருள. மாற்றும்போது வயிறு முறுகாமல் தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். உங்களுக்கு எளிதான பக்கம் ஒன்று இருக்கும், முதல் மாதம் அதிலேயே மூச்சு வாங்குங்கள். இரண்டு கைக்கு ஒரு மூச்சு என்பது சோம்பல் இல்லை. மூன்றுக்கு ஒன்று என்று வீம்பு பிடிக்கத் தேவையில்லை.

மூச்சு உள்ளே போகும்போது தண்ணீரும் வாய்க்குள் வரும். அதை விழுங்காமல், அடுத்த குமிழியோடு துப்பப் பழகுங்கள்.

ஆறாம் படி: கை

இப்போது கைக்கு வரலாம். விரல்நுனி தோளுக்கு நேராக, தலைக்குச் சற்று முன்னால் தண்ணீருக்குள் நுழையட்டும். நுழைந்த பிறகு தண்ணீருக்கு அடியிலேயே முன்னால் நீளட்டும். கை நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போனால் உடம்பு பாம்புபோல் நெளியும், தோளும் நாளடைவில் வலிக்கும்.

நீண்ட கையால் உடனே தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்துவதுதான் பெரும் பிழை. கீழே அழுத்தினால் தலை எழும், கால் தாழும், முன்னேற்றம் வராது. விரல்நுனி தரையைப் பார்க்கும்படி முழங்கையை மடக்குங்கள், முழங்கை மட்டும் மேலேயே நிற்கட்டும். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாளன்று பெரிய அண்டாவை எப்படிக் கட்டிப்பிடித்து நகர்த்துவோம்? உள்ளங்கை மட்டுமா பிடிக்கும்? முன்கை முழுவதும் அணைக்கும். அதேபோல் உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து ஒரே துடுப்பாகித் தண்ணீரைப் பின்னால் தள்ள வேண்டும், இடுப்பைத் தாண்டும் வரை. விரல்களை விறைப்பாக ஒட்ட வேண்டியதில்லை, இயல்பாக இருக்கட்டும்.

முஷ்டியை மூடிக்கொண்டு பத்து மீட்டர் நீந்திப் பாருங்கள். உள்ளங்கை இல்லாததால் முன்கையைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். பிறகு கையைத் திறந்ததும் தண்ணீர் கெட்டியாகக் கைக்குள் வந்ததுபோல் தெரியும். நான் செய்த பயிற்சிகளில் என் கையைத் திருத்தியது இதுதான். ஒரு கை முன்னால் காத்திருக்க, மறு கை சுற்றி வந்து அதைத் தொட்ட பிறகே அது கிளம்பும் பயிற்சியும் நல்லது, அவசரத்தைக் குறைக்கும். கால் தாழ்கிறவர்கள் தொடைகளுக்கு நடுவே மிதவைக் கட்டை வைத்துக்கொண்டு கையை மட்டும் பழகலாம். நம் முன்னோரின் சுரைக்குடுக்கை செய்த வேலையைத்தான் அதுவும் செய்கிறது.

முதல் 25 மீட்டரும் அதற்குப் பிறகும்

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 30 முதல் 40 நிமிடம். வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் பழகுவதைவிட இது எவ்வளவோ மேல், தண்ணீரின் உணர்வு சில நாளிலேயே உடம்பிலிருந்து நழுவிவிடும். ஐந்து நிமிடம் குமிழி, ஐந்து நிமிடம் சறுக்கலும் கால் அடியும், பதினைந்து நிமிடம் அன்றைக்கு எடுத்துக்கொண்ட ஒரே ஒரு விஷயம், மீதி நேரம் முழு நீச்சல். ஒரு நாளில் மூச்சு, கை, கால் மூன்றையும் திருத்தப் பார்த்தால் ஒன்றும் நிற்காது.

12 மீட்டர் நிதானமாகப் போக முடிந்தால் 25 வந்துவிடும். களைத்தால் நடுவில் மல்லாந்து மிதந்து மூச்சு வாங்கிவிட்டுத் தொடருங்கள். முழு நீளம் போன பிறகு கடிகாரத்தைப் பார்க்காமல் கைவீச்சை எண்ணுங்கள். தொடக்கத்தில் எனக்கு 25 மீட்டருக்கு 34 வீச்சு ஆனது. ஒரு வருடத்தில் 22 ஆனது. எண் குறையும்போது மூச்சும் இலேசாகிறதா என்று பாருங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைக் குறைத்தால் அது கணக்கில் சேராது. கைபேசியில் யாரையாவது பக்கவாட்டிலிருந்து படம் பிடிக்கச் சொல்லுங்கள். நாம் செய்வதாக நினைப்பதும் செய்வதும் எவ்வளவு வேறு என்று அப்போதுதான் தெரியும்.

முகத்தை வைத்து நீந்துவது இன்னும் சிரமமாக இருந்தால் இடையில் தவளைபோல் கைகாலை விரித்து நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் பழகலாம். இழு, மூச்சு, உதை, சறுக்கு என்ற வரிசையை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். கடைசிச் சறுக்கலை விட்டுவிடுகிறவர்களே அதிகம். டோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் தங்கம் வென்ற நம் நாட்டு டட்யானா ஸ்கூன்மேக்கர் நீந்தும் படத்தைப் பாருங்கள், உதைத்த பிறகு உடம்பு கோடுபோல் நீண்டு போகும் அந்த நொடியைக் கவனியுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த உதையைத் தவிர்ப்பது நல்லது.

கடலுக்குப் போகும் முன்

டர்பன் கடல் இதமானது, கோடையில் 25 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடச் சற்றுக் கனம் என்பதால் உடம்பு எளிதாக மிதக்கும். குளத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு படி வேண்டுமானால் கடற்கரையிலேயே உள்ள ரேச்சல் ஃபின்லேசன் குளத்துக்குப் போங்கள், அது கடல்நீர்க் குளம். 71 வயதில் எங்கள் அப்பா முதன்முதலில் மல்லாந்து மிதந்தது அங்கேதான்.

கடலில் உயிர்காப்பாளர்கள் நட்ட கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். 1952 முதல் டர்பனில் சுறா வலைகள் இருக்கின்றன. ஆனால் அவை கரையை முழுதும் அடைக்கும் சுவர் இல்லை, ஆகவே விடியும் முன்னும் அந்திக்குப் பிறகும் வேண்டாம். மழைக்குப் பின் ஆற்று முகத்துவாரம் பழுப்பாக இருக்கும்போதும் வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் கட்டமைப்புகள் சேதமாகிக் கடற்கரைகள் மூடப்பட்டது நமக்குத் தெரியும். கிளம்பும் முன் தண்ணீர் சுத்தமா, கடற்கரை திறந்திருக்கிறதா என்று நகராட்சி அறிவிப்பைப் பாருங்கள்.

கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். வலிமையான நீச்சல்காரரும் அதில் தோற்பார். மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கி உதவி கேளுங்கள். இழுப்பு சிறிது தூரத்தில் தளரும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்தில் திரும்புங்கள். இரண்டாம் படியில் மல்லாந்து மிதக்கப் பழகச் சொன்னது இதற்காகவும்தான்.

குளத்தில் நிற்காமல் 400 மீட்டர் நீந்த முடிகிற நாள் வரை கடலில் இடுப்பளவோடு நில்லுங்கள். அது முடிந்த பிறகு, ஹோவிக் பக்கத்து மிட்மார் அணையில் 1974 முதல் நடக்கும் மிட்மார் மைலைப் பற்றி யோசிக்கலாம். ஒரு மைல், அதாவது ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர், பிப்ரவரியில், அலையில்லாத நல்ல தண்ணீரில். எங்கள் ஓர லேனிலிருந்து இரண்டு பேர் இந்த வருடம் அதற்காகப் பழகுகிறார்கள்.